வான்கூவர் உள்ளூர்தான்

காஞ்சிபுரத்தில் பட்டு ஜரிகைத் தர வாரியம் என்று ஒன்று இருந்தது. ஜரிகையில் எவ்வளவு வெள்ளி, வெள்ளியின் மேல் எவ்வளவு தங்கம் என்று சோதித்து முத்திரை குத்துவது அதன் வேலை. அந்த வேலையையும் அது அவ்வப்போது செய்யும். மற்ற நாட்களில் தன் ஊழியர்களைச் சோதித்துக்கொண்டிருக்கும்.

வர்த்தமானன் அங்கே சோதனைப் பிரிவின் கண்காணிப்பாளர். திருப்பருத்திக்குன்றத்து நயினார் வீட்டுப் பிள்ளை. முப்பத்து நாலு வருஷ சர்வீஸில் ஒரு மெமோ வாங்கியவரில்லை. மேலதிகாரி தும்மினால்கூட எழுந்து நின்றுவிட்டுத்தான் உட்காருவார். ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம் இருந்தது. இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு அக்கா வாய்த்திருந்தாள்.

அக்கா மதனவதி கனடாவில், வான்கூவரில், மகன் கோகுலின் வீட்டில் இருந்தாள். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் வர்த்தமானனைக் குளிப்பாட்டித் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தது அவள்தான். ஈரலில் வந்த வியாதி முற்றிவிட்டது, இனிமேல் மருந்தெல்லாம் வலிக்கு மட்டும்தான் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். கார்த்திகை பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்தாள். முகம் பாதியாகியிருந்தது. குரலில் மட்டும் பழைய அதிகாரம் அப்படியே இருந்தது.

“இங்க நாலு மணிக்கெல்லாம் இருட்டிப்போவுதுடா தம்பி. பொழுது சாயறதுக்குள்ள சாப்புடணுமேன்னு மூணு மணிக்கே நான் ஒருத்தி தட்டைப் போட்டுக்கினு குந்தறேன். இதுங்கள்லாம் எட்டு மணிக்குத்தான் துன்னுதுங்க. நீ ஒரு வாரம் வாயேன். எங்கூட குந்தி வெளிச்சத்துல சாப்புடு. அது போதும் எனக்கு.”

இருட்டிய பிறகு வாயில் எதையும் போடாத சமணக் குடும்பம் அவர்களுடையது. சின்ன வயதில் வர்த்தமானன் பசிக்குது என்று அடம் பிடித்தபோதெல்லாம் கதை சொல்லித் தூங்க வைத்தவள், இப்போது கூட உட்கார்ந்து சாப்பிட ஆள் கேட்கிறாள். அவருக்கு அழுகை வந்துவிட்டது. “வரேங்கா, கண்டிப்பா வரேன்” என்றார்.

கோகுல் அன்றைக்கே டிக்கெட் போட்டுவிட்டான். டிசம்பர் பன்னிரண்டாம் தேதி விடியற்காலை மீனம்பாக்கத்தில் ஏறி, ஹாங்காங்கில் மாறி, வான்கூவர். முன்பு ஒரு தடவை போவதாக இருந்து வாங்கிய விசாவும் கைவசம் இருந்தது. பாக்கி இருந்தது வாரியத்தின் அனுமதி ஒன்றுதான். அனுமதி இல்லாமல் வெளிநாடு போனால் வேலையும் பென்ஷனும் போகும் என்பது அங்கே விதி.

விண்ணப்பத்தைக் கொடுத்த மறுநாளே மேலாண்மை இயக்குநர் பூவராகவன் கூப்பிட்டு அனுப்பினார். விரைவாகக் கூப்பிட்டதே நல்ல சகுனம் என்று வர்த்தமானன் நினைத்துக்கொண்டார்.

“உங்க அக்காவுக்கு உடம்பு சரியில்லைன்றது வருத்தமான விஷயம். வருத்தத்தை ஃபைல்ல பதிவு பண்ணிட்டேன். ஆனா பாருங்க, வருத்தம் வேறே, தூரம் வேறே. எவ்வளவு தூரம், போய்ச் சேர எவ்வளவு நேரம்னு தெரியாம ஒருத்தரை அனுப்பிட்டு, அவர் எப்ப திரும்புவாருன்னு நான் வாசலைப் பாத்துக்கினு இருந்தா, அதுக்குப் பேரு நிர்வாகமா?”

விஷயம் இதுதான். வெளியூர் போகும் ஊழியருக்கு விடுப்பு தரும்போது, போகவர ஆகும் நேரத்தையும் சேர்த்துத் தர வேண்டும். அந்த நேரத்தை வாரியத்தின் பயண நேர அட்டவணையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். அட்டவணையில் ஆரணி இருந்தது, சேலம் இருந்தது, பட்டுக்கூடு வாங்கப் போகும் பெங்களூர் இருந்தது, ஜரிகை வாங்கப் போகும் சூரத் இருந்தது. சூரத்துக்கு அப்பால் உலகம் இருப்பதாக வாரியத்துக்குத் தகவல் இல்லை.

அறையில் இருந்த சத்யப்ரியா என்ற இளம் நிர்வாக அலுவலர், வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத காரணத்தால், உதவி செய்யப் பார்த்தாள்.

“சார், கூகுள்லயே இருக்குது சார். ஜஸ்ட் டைப் பண்ணாவே வந்துடும். பன்னெண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் சொச்சம். ஃப்ளைட் மாறுற டைமையும் சேத்தா கிட்டத்தட்ட ஒரு நாள் ஆவும் சார்.”

“யாரும்மா சொல்றது?”

“கூகுள் சார்.”

“அவரு கெஜட்டட் ஆபீசரா?”

சத்யப்ரியா போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். தூரத்தையும் நேரத்தையும் நிர்ணயிக்க அங்கேயே ஒரு குழு அமைக்கப்பட்டது. பூவராகவன் தலைவர், தொழில்நுட்ப அலுவலர் தணிகாசலம் உறுப்பினர், வாயைத் திறந்த குற்றத்துக்காக சத்யப்ரியா செயலாளர். வர்த்தமானன் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். தனக்காக ஒரு குழுவே அமைத்திருக்கிறார்களே என்று அவருக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

அந்த வாரியத்தில் எதையும் பட்டு நூல் பிடித்து அளந்தால்தான் அளவு. பீரோ வாங்கினாலும் சரி, சுவரில் படம் மாட்டினாலும் சரி, நூலை வைத்துப் பார்த்து, வெட்டி, பித்தளை அளவுகோலில் கிடத்தி, பிறகு அந்த நூலை உறையில் போட்டு அரக்கு வைப்பார்கள். ஏதோ ஒரு காலத்து அதிகாரி தொடங்கி வைத்த பழக்கம். டேப் வைத்து அளந்தவர்கள் ஓரிரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுக்கு மாற்றல் வந்தது.

ஆகவே ஒரு உலக உருண்டை தேவைப்பட்டது. ஏதோ பள்ளிக்கூடம் ஏலம் விட்ட உருண்டை ஒன்று ஸ்டோரில் இருந்தது. தணிகாசலம் அதைத் துடைத்து மேசையில் வைத்து, சென்னையில் ஒரு குண்டூசியும் வான்கூவரில் ஒரு குண்டூசியும் குத்தி, நடுவே நூலை இழுத்தார். நூல் சீனாவின் மேல் ஏறி, வடக்கே பனிப்பிரதேசத்தை உரசிக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கியது. எல்லாரும் குனிந்து பார்த்தார்கள்.

“சார், இதுல ஒரு சிக்கல் இருக்குது. நூலு சோவியத் யூனியன் மேல போவுது” என்றார் தணிகாசலம்.

“போவட்டுமே?”

“அந்த நாடு இப்ப இல்லையே சார். இல்லாத நாட்டு வழியா நம்ம ஸ்டாஃபை அனுப்பலாமா?”

பூவராகவன் கண்ணை மூடி யோசித்தார். இல்லாத நாட்டின் வழியாகப் போகும் ஊழியருக்கு அங்கே ஏதாவது ஆனால் பொறுப்பு யாருடையது என்று கேட்டார். நூலைத் தெற்கே நகர்த்திப் பிடித்தார்கள். அதில் தூரம் கூடிப்போனது. கூடின தூரம்தான் பாதுகாப்பானது என்று குழு ஒருமனதாகக் கருதியது.

அது ஐப்பசியிலேயே தொடங்கி விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த மழை. மழை நாளில் பட்டு நூல் தொய்யும், காய்ந்தால் சுருங்கும் என்பது காஞ்சிபுரத்தில் தறி வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். திங்கட்கிழமை ஈரத்தில் வெட்டிய நூலை வெயிலடித்த புதன்கிழமை எடுத்துப் பார்த்தபோது வான்கூவர் கிட்டே வந்திருந்தது. வெள்ளிக்கிழமை மறுபடி மழை, வான்கூவர் தள்ளிப் போய்விட்டது. நூல் எவ்வளவு நீளும் என்று சோதனைப் பிரிவு சான்று தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. சோதனைப் பிரிவு என்றால் வர்த்தமானன்தான். அவர் ஓடி ஓடிச் சோதித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். விண்ணப்பதாரரே சான்று தருவது முறையல்ல என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினார்கள். வேறு யார் தருவது என்று கேட்டதற்கு, கண்காணிப்பாளர்தான் தர வேண்டும் என்று பதில் வந்தது.

அந்த வாரம் அக்கா பேசியபோது படுத்தபடியே பேசினாள்.

“அளந்துட்டாங்களாடா?”

“இன்னும் இல்லக்கா. நூலு காயணுமாம்.”

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, கோகுல் வந்து போனை வாங்கிக்கொண்டான். “மாமா, நீங்க வர்றீங்கதானே?” என்று கேட்டான். “வரேம்பா, குழு தீவிரமா வேலை செய்யுது” என்றார் வர்த்தமானன். அதில் பொய் எதுவும் இல்லை.

குழு தீவிரமாகத்தான் வேலை செய்தது. மீனம்பாக்கத்திலிருந்து அளந்தால் அறிக்கை சீக்கிரம் பழசாகிவிடும் என்று தணிகாசலத்துக்கு ஒரு கவலை வந்தது. “நம்ம பக்கமே புது ஏர்போர்ட் வரப்போவுதுன்றாங்களே சார். அங்கிருந்து அளந்துட்டா அறிக்கை நாளைக்கும் நிக்கும்” என்றார். தொலைநோக்கு என்றால் இதுதான் என்று பூவராகவன் பாராட்டினார். மறுநாள் ஜீப் கிளம்பியது. தாமல் ஏரியை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஓட்டலில் டிபன் சாப்பிட்டுவிட்டு, வேறொரு திசையில் ஒரு நெல் வயலின் வரப்பில் போய் நின்றார்கள். விமான நிலையம் எந்த இடத்தில் வரும் என்று யாருக்கும் சரியாகத் தெரியாததால் ஜீப் சேற்றில் சிக்கிய இடத்தையே முனையாக வைத்துக்கொண்டார்கள். தணிகாசலம் ஒரு முளை அடித்து நூலைக் கட்டினார். இயக்குநருக்குக் குடை பிடித்தபடி வர்த்தமானன் பின்னால் நின்றார்.

களை எடுத்துக்கொண்டிருந்த தர்மன் என்கிற விவசாயி நிமிர்ந்து பார்த்தார்.

“இன்னாங்க சார் கட்டறீங்க?”

“இங்கிருந்து வான்கூவர் போவ எவ்வளவு நேரம் ஆவும்னு பாக்கறோம்” என்றார் தணிகாசலம்.

“அது எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாது. இங்கிருந்து காஞ்சிவரம் போறதுக்கே காலையில ஒரு பஸ்ஸுதான். மழை பேஞ்சா அதுவும் வராது. முளையை மட்டும் புடுங்கிக்கினு போங்க, மாடு தடுக்கிக்கும்.”

மழை பெய்தால் பயண நேரம் கூடும் என்று தணிகாசலம் குறித்துக்கொண்டார். முளையைப் பிடுங்கவில்லை.

திரும்பி வரும் வழியில் பூவராகவனுக்கு இன்னொரு யோசனை பிறந்தது. “ஒரு முனையைப் பாத்தாச்சு. இன்னொரு முனையைப் பாக்காம கையெழுத்துப் போட்டா மனசாட்சி கேக்குமா?” என்றார். குழு வான்கூவருக்கு நேரில் போய் ஆய்வு செய்வதென்று தீர்மானம் ஆனது. சம்சாரத்தையும் அழைத்துப் போகலாமா என்று தணிகாசலம் விசாரித்தார். சத்யப்ரியாதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள், குழு வான்கூவர் போக வேண்டுமானால் வான்கூவரின் பயண நேரம் தெரிந்திருக்க வேண்டும், அதைக் குழு இன்னும் நிர்ணயிக்கவில்லை என்று. பூவராகவன் முகத்தில் உண்மையான துக்கம் தெரிந்தது. தன் விண்ணப்பத்துக்காகக்கூட அவர் இவ்வளவு வருந்தவில்லையே என்று வர்த்தமானன் நினைத்தார், நினைத்ததற்காக உடனே வெட்கப்படவும் செய்தார்.

பத்தாம் தேதி குழு கடைசியாகக் கூடியது. வர்த்தமானனை உள்ளே கூப்பிட்டு நிற்க வைத்தார்கள். நூலை நம்பிப் பயனில்லை, கையில் இருக்கும் ஆவணத்தைப் பார்ப்போம் என்று முடிவாகி, டிக்கெட்டை சத்யப்ரியா வாசித்தாள்.

“சென்னையில புறப்பாடு பன்னெண்டாம் தேதி. வான்கூவர் போய்ச் சேர்றது... பன்னெண்டாம் தேதி பகல் சார்.”

“எந்த மாசம்?”

“அதே மாசம் சார். அதே நாள். ஈஸ்ட் பக்கமா போறதால டேட் லைனைத் தாண்டும்போது ஒரு நாள் பின்னால...”

“தேதி என்னம்மா?”

“பன்னெண்டு சார்.”

“ஏறுறது?”

“அதுவும் பன்னெண்டு.”

பூவராகவன் நாற்காலியில் சாய்ந்தார். இத்தனை நாள் மழையிலும் சேற்றிலும் தேடியது மேசைமேலேயே கிடந்திருக்கிறது. விதிப்படி பயண நேரம் என்பது சேரும் தேதியிலிருந்து புறப்படும் தேதியைக் கழித்தால் வருவது. பன்னிரண்டில் பன்னிரண்டு போனால் பாக்கி ஒன்றுமில்லை. பயண நேரம் ஒன்றுமில்லை என்றால், அதே விதியின் அடுத்த வரிப்படி, அந்த ஊர் உள்ளூர்.

“திரும்பி வர்றப்ப மட்டும் ரெண்டு தேதி வித்தியாசம் காட்டுது சார்” என்றாள் சத்யப்ரியா, அழாத குறையாக.

“வர்றப்ப மேடா இருக்கும்” என்றார் தணிகாசலம்.

வர்த்தமானனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் நல்ல செய்தி போலத்தான் தோன்றியது. “அப்ப நான் போலாங்களா சார்?” என்று கேட்டார்.

“தாராளமா போங்க. இதோ பக்கத்துல இருக்கற ஓரிக்கை போறதுக்கு யாராவது அனுமதி கேப்பாங்களா? உள்ளூருக்கு அனுமதி கிடையாது. ஞாயித்துக்கிழமை போயிட்டு வாங்க.”

“அனுமதி எழுத்துல குடுத்தீங்கன்னா...”

“தேவையில்லாத ஒண்ணை எப்படி எழுத்துல குடுக்கறது வர்த்தமானன்? நாளைக்கு ஆடிட்ல என்னைக் கேக்க மாட்டாங்களா?”

“ஆனா அனுமதி இல்லாம வெளிநாடு போனா வேலை போயிடும்னு...”

“ஆமா, அது கண்டிப்பா போயிடும்” என்றார் பூவராகவன். “அதுல நான் யாருக்கும் தயவு காட்டினதில்லை. காட்டவும் மாட்டேன். விதின்றது எல்லாருக்கும் ஒண்ணுதான், அதனாலதான் இந்த வாரியம் இன்னிக்கும் நிக்குது. ஜரிகையில செம்பு கலந்துட்டுப் போறான், அதைக்கூட விட்டுடலாம். தேதியில கலப்படம் பண்ண விடமாட்டேன்.”

தணிகாசலம் கை தட்டினார். சத்யப்ரியாவும் தட்ட வேண்டியதாயிற்று. வர்த்தமானன் கையைக் கூப்பிவிட்டு வந்தார்.

“போய்க்கினே இருங்கப்பா” என்றாள் அவர் மகள் ஸ்ரேயா, வீட்டில் விஷயத்தைக் கேட்டதும். “இன்னா பண்ணிடுவாங்க? பென்ஷன் போனா நான் பாத்துக்கறேன். அத்தை காத்துக்கினு இருக்காங்க.”

பதினொன்றாம் தேதி அவள்தான் பெட்டியைக் கட்டினாள். அக்காவுக்குப் பிடிக்குமென்று பொரிவிளங்காய் உருண்டை வைத்தாள். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டுவிட்டு வர்த்தமானன் பேருந்து நிலையம் போனார். தாம்பரம் பஸ் வந்தது. கண்டக்டர் தாம்பரம், தாம்பரம் என்று கூவினார். பெட்டியைத் தூக்கி ஒரு படிகூட ஏறினார். அப்போது அவருக்கு நாளைக் காலை வருகைப் பதிவேட்டில் தன் பெயருக்கு எதிரே வெறுமையாக இருக்கும் கட்டம் ஞாபகம் வந்தது. முப்பத்து நாலு வருஷத்தில் அப்படி ஒரு கட்டம் இருந்ததில்லை. கால் தானாகக் கீழே இறங்கியது. “ஏர்றியா இல்லியா பெருசு?” என்றார் கண்டக்டர். அடுத்த பஸ்ஸில் வருகிறேன் என்றார். அடுத்த பஸ்ஸும் வந்து போனது, அதற்கடுத்ததும் போனது. பிறகு பெட்டியோடு வீடு திரும்பினார். ஸ்ரேயா பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள்.

உள்ளூர் என்ற தீர்ப்பை மாற்றி, தன் அக்கா தூரத்தில் இருப்பதாக அங்கீகரிக்க வேண்டும் என்று மேல்முறையீடு எழுதிக் கொடுத்தார். மேல்முறையீட்டை விசாரிக்க அதே மூவர் கொண்ட குழு அமைந்தது. கோகுல் டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளிப் போட்டான். அக்காவால் இப்போது பேச முடியவில்லை. போனை அவள் காதருகே வைத்தார்கள். வர்த்தமானன், இதோ வந்துடறேங்கா, இதோ வந்துடறேங்கா என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இந்தப் பக்கம் பொழுது விடிந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் இருட்டிவிட்டது என்று கோகுல் சொன்னான். மூணு மணிக்கு அம்மாவுக்கு ரெண்டு ஸ்பூன் கஞ்சி கொடுத்தோம், இறங்கலை மாமா என்றான்.

பத்தொன்பதாம் தேதி காலையில் கோகுலிடமிருந்து போன் வந்தது. வர்த்தமானன் கேட்டுக்கொண்டார், குளித்தார், வேட்டி மாற்றினார், வேறு என்ன செய்வதென்று தெரியாமல் அலுவலகம் வந்து கையெழுத்துப் போட்டார்.

வாரியம் இரங்கல் கூட்டம் நடத்துவதில் குறை வைத்ததில்லை. பத்தரை மணிக்கெல்லாம் கூடத்தில் நாற்காலி போட்டாகிவிட்டது. மதனவதியின் படம் கிடைக்காததால் வெறும் மேசைக்கு மாலை போட்டார்கள். ஒரு நிமிஷம் மௌனம். பிறகு பூவராகவன் பேச எழுந்தார்.

“நம்ம வர்த்தமானனோட அக்கா எங்கேயோ கண்காணாத தூரத்துல இருக்காங்கன்னு எல்லாரும் நினைச்சுக்கினு இருந்தோம். இல்லை, பக்கத்துலதான் இருக்காங்கன்னு கண்டுபிடிச்சது இந்த வாரியம். அந்தத் திருப்தி ஒண்ணுதான் இன்னிக்கு நமக்கு ஆறுதல்.” கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணீர் பொய்யில்லை. மேடையை விட்டு இறங்கி வந்து, முன்வரிசையில் இருந்த வர்த்தமானனின் தோளில் கை வைத்தார்.

“ஒண்ணே ஒண்ணு மட்டும் எனக்குப் புரியவே இல்லை வர்த்தமானன். கெளம்புற அன்னிக்கே போய்ச் சேந்துடற ஊரு. கூடப்பொறந்தவங்க. டிக்கெட்டு கையில இருந்துச்சு. நாங்க யாரும் உங்களைக் கட்டிப்போடலை. நீங்க ஏன் போவலை?”

கூடம் முழுவதும் பதிலுக்காக அவரைப் பார்த்தது. வர்த்தமானன் வழக்கம்போல எழுந்து நின்றார். காலையில் போனை வைத்ததிலிருந்து அவரும் அதையேதான் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.